பின்வாசலில் காயம்

அம்மா,

நேற்று உன் டேப்லெட்டைக் கிழக்கேகோட்டையில் ஒரு கடையில் சரிசெய்யக் கொடுத்தேன். சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் பின்மூடியைக் கழற்றியதும் முகத்தைச் சுளித்தார். “எந்தா சேச்சி, இதுக்குள்ள சாம்பாரா வச்சீங்க?” என்று கேட்டார். பெருங்காயத் தூள். நம் ஆரியசாலைக் கடையில் கட்டிக் காயத்தை உடைத்த விரலோடு நீ தொட்டுத் தொட்டு விளையாடியதில், சார்ஜ் குத்தும் துளைக்குள் இறுகிப் போயிருந்தது. அவர் பிரஷ்ஷால் தட்டி எடுக்க எடுக்க வாசனை கடை முழுக்கப் பரவியது. எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீ போன பிறகு நடந்ததை உனக்கு ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

ஊரடங்கில் கடை பூட்டிக் கிடந்தபோதுதான் எல்லாம் தொடங்கியது. அப்பா இறந்ததிலிருந்து ஒருநாளும் கல்லாவை விட்டு எழுந்திராதவள் நீ. வீட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் அறைக்கு அறை நடந்தாய். நான் கழக்கூட்டத்துக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்து செய்துகொண்டு, இடையிடையே அந்த விளையாட்டைத் திறந்து வைத்திருப்பேன். காடும் மலையும் கோட்டையும் பறக்கும் நாகங்களுமாக ஒரு உலகம். எங்கெங்கோ இருக்கும் மனிதர்கள் ஒரே நேரத்தில் அதற்குள் உலவுவார்கள். நான் மந்திரக்காரி. ஒருநாள் நீ என் பின்னால் வந்து நின்றாய்.

“ஏட்டி, அந்தப் பொம்பள ஏன் சும்மா நிக்கா? பின்னால ஓநா வருது பாரு.”

“அது நான்தாம்மா.”

“நீயா? அப்ப திரும்பி அடிக்க வேண்டியதுதானே?”

ஒரு வாரத்துக்குள் உனக்கும் ஓர் ஆள் வேண்டும் என்றாய். வில்லாளியைக் காட்டினேன், மருத்துவச்சியைக் காட்டினேன். எதுவும் பிடிக்கவில்லை. “முன்னால நின்னு அடி வாங்குற ஆளு உண்டா? அதக் குடு” என்றாய். பெரிய கேடயம் தூக்கிய, கொம்பு வைத்த தலைக்கவசம் போட்ட, ஆள் உயரத்துக்கு இருமடங்கான ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தாய். பெயர் கேட்டது. யோசிக்கவே இல்லை. “காயம்னு போடு. விக்கிறது அதுதானே.”

கடை திறந்த பிறகும் நீ விடவில்லை. மத்தியானம் சாலையில் ஆள் குறையும் நேரத்தில், கல்லாவுக்கு மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துக்கொள்வாய். நாம் சேர்ந்த கில்டில், அதாவது சேர்ந்து ஆடும் குழுவில், பெரும்பாலும் இந்த ஊர்ப் பிள்ளைகள். பேச்செல்லாம் மலையாளம். உன் குரல் அவர்களுக்குக் கேட்காது. நீ மைக்கைத் திறக்கவே மாட்டாய். காயம் என்றால் முன்னால் நிற்கிற ஆள், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். சாம்பல் நாகத்தோடு மோதிய அன்று மொத்தப் பேரும் சாகக் கிடந்தார்கள். நீ ஒருத்தி குகை வாயை அடைத்து நின்று, “ஓடுங்க பிள்ளைகளா, ஓடுங்க!” என்று கடையில் உட்கார்ந்து கத்தினாய். மல்லி வாங்க வந்தவர் பையைப் போட்டுவிட்டு நிஜமாகவே தெருவுக்கு ஓடினார். அவரைத் திரும்ப அழைத்து உட்காரவைத்து மோர் கொடுத்தாய். அன்று எல்லாரும் பிழைத்தார்கள். அந்த நாகத்தை மறுநாள் வீழ்த்தியபோது கிடைத்த கருங்கல் கேடயத்தை, ஒரே குரலில், காயத்துக்கே கொடுத்தார்கள். நீ எல்லாரிடமும் அதைப் பற்றிச் சொன்னாய். பக்கத்து அரிசிக் கடைக்காரரிடம்கூட.

கில்டின் தலைவன் தன்னை அக்னிராஜ் என்று வைத்துக்கொண்டவன். அவன் தாத்தா இதே சாலையில் பாத்திரக் கடை வைத்திருந்தவர் என்று நமக்குப் பிறகுதான் தெரிந்தது. வீடு இப்போது பெரிய பணக்காரர்கள் இருக்கும் கவடியாரில். தமிழ் தெரியாதவன் மாதிரியே பேசுவான். கட்டுப்பாடெல்லாம் நீங்கிய பிறகு, எல்லாரும் நேரில் சந்திக்கலாம் என்று அவன்தான் அழைத்தான். நான் வேண்டாம் என்றேன். “ஏன்? நான் என்ன கள்ளியா?” என்று பட்டுப்புடவை எடுத்தாய்.

அவன் வரச்சொன்ன காப்பிக் கடைக்குள் நாம் நுழைந்தபோது அவர்கள் பேச்சு நின்ற விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நீ கவனிக்கவில்லை. “நான்தான் காயம். எல்லாரும் சாப்பிட்டாச்சா?” என்று கேட்டு, பையிலிருந்து ஆளுக்கொரு பெருங்காயப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தாய். சிலர் எழுந்து நின்று வாங்கினார்கள். ஒரு பெண் உன் கையைப் பிடித்து, “அம்மையாணோ அந்நு எங்களெ காப்பாத்தியது?” என்று கேட்டாள். நீ அவள் கன்னத்தைத் தட்டினாய். அக்னிராஜ் போனை நீட்டிப் பிடித்து, தானும் தெரியும்படி படம் எடுத்துக்கொண்டிருந்தான். நாம் மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம்.

மூன்றாம் நாள் அரிசிக் கடைக்காரர் போனை எடுத்துக்கொண்டு வந்தார். “அக்கா, இது நீங்கதானே?” நீ பொட்டலம் கொடுத்துக்கொண்டு போகிறாய். உன் முதுகுக்குப் பின்னால் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணை உருட்டுகிறான். மேலே சிரிப்புச் சத்தம் சேர்த்திருந்தான். ‘எங்கள் கில்டின் மகாவீரன்’ என்று தலைப்பு. ஊரெல்லாம் அது சுற்றிக்கொண்டிருந்தது.

நீ முழுசாகப் பார்த்தாய். மறுபடியும் போடச் சொன்னாய். “பொறத்தால நின்னு மூக்கப் பொத்துதான் பாத்தியா” என்று மட்டும் சொன்னாய். அன்று சாயங்காலம் விளையாட்டைத் திறந்தபோது உன் தலைக்கு மேல் கில்டின் பெயர் இல்லை. உன்னை நீக்கியிருந்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று அவன் சொன்னதால் கில்டின் பெட்டகத்தில் நீ வைத்திருந்த கேடயம் அவனிடமே போயிற்று. ஏன் என்று நான் கேட்டதற்கு அவன் எழுதிய பதில்: “அம்மச்சி போயி ரெஸ்ட் எடுக்கட்டே. இது குட்டிகளுடெ களியல்லே.” பிள்ளைகள் விளையாட்டாம். நானும் அந்த நிமிடமே வெளியேறினேன்.

விட்டுவிடலாம், வேறு விளையாட்டு எத்தனையோ இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். நீ என்னைப் பார்த்த பார்வை!

“அவன் எங்க இருக்கான்?”

“வெண்மலைக் கோட்டைலம்மா. அது இப்போ அவங்க கையில. ஞாயித்துக்கிழமை யாரு வேணும்னாலும் சண்டைக்குப் போகலாம். உள்ள போயி கொடிய எறக்கிட்டா கோட்டை நமக்கு.”

“அப்ப எறக்கணும்.”

“யார வச்சு? நாம ரெண்டு பேருதானே?”

“அவன் இதுக்கு முன்ன யார யாரயெல்லாம் வெரட்டினானோ, அவ்வளவு பேரயும் கூப்பிடு.”

அப்படித்தான் நம் கில்டு உருவானது. நெட் மெதுவாக இருந்ததற்காக அவன் துரத்திய நெய்யாற்றங்கரை ஆட்டோக்காரர் ஜஸ்டின் முதலில் வந்தார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் நர்சுகள், திக்குவாயைக் கிண்டல் செய்து அவன் விரட்டிய கல்லூரி மாணவன், இப்படி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். உன் கையைப் பிடித்த அந்தப் பெண்ணும் வந்தாள். இப்போது நீ மைக்கைத் திறந்தாய். கடையில் வேலையாட்களிடம் பேசுகிற அதே குரலில் கட்டளை இட்டாய். முதல் சில ஞாயிறுகளில் தோற்றோம். கோபத்தில் நான் கத்துவேன். நீ கத்தமாட்டாய். அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாய்.

“ஏட்டி, கேட்டியா. அவன் ஒருநாளும் முன்னால வரமாட்டான். பிள்ளைகள முன்னால விட்டுட்டு பொறத்தால நிப்பான். கொஞ்சம் ஒடஞ்சா முதல்ல ஓடுறது அவன்தான். நாம எல்லாம் முன்வாசலப் போட்டு இடிக்கோம். அவன் ஓடுற வழியில ஒரு ஆளு நிக்கணும்.”

“பின்வாசல்லயா?”

“பின்ன? நான் நிக்கேன்.”

அந்த ஞாயிறு வரவில்லை. மழை வந்தது. சாலையில் கால் முட்டிவரை தண்ணீர். குடோனில் மூட்டை நனைகிறதென்று, நான் வருவதற்குள் நீயே இறங்கிவிட்டாய். காலில் இருந்த வெடிப்பைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்தோம். கண் மஞ்சளான பிறகுதான் எலிப்பனி, எலிக்காய்ச்சல் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி சொந்தக்காரர்கள். பெரியம்மா திருநீறு பூசிவிட்டு, “மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத, எல்லாத்தயும் விட்டுரு, பகவான நினை” என்றாள். நீ என்னைக் கண்ணால் அழைத்தாய். குனிந்தேன்.

“அவன் இன்னும் அங்கதான் இருக்கானா?”

“ஆமாம்மா.”

“ம்.”

அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டாய், மின்விசிறியைக் குறைக்கச் சொன்னாய். ஆனால் நீ என்னிடம் சொன்னதாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ‘ம்’தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று ஜஸ்டின் எனக்கு ஒரு படம் அனுப்பினார். அக்னிராஜ் தன் இணையப் பக்கத்தில் உன் படத்தைப் போட்டு, மெழுகுவர்த்தி ஒன்று வைத்து, ‘எங்கள் கில்டின் சொந்த அம்மா’ என்று எழுதியிருந்தான். உன் படம் எங்கே கிடைத்தது என்று கேட்கிறாயா? அந்த வீடியோவிலிருந்தே வெட்டியிருந்தான். அவன் கையின் ஓரம்கூடத் தெரிந்தது. மூக்குக்குப் போய்க்கொண்டிருந்த கை. கீழே நூற்றுக்கணக்கானவர்கள் அவனுக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். அதுவரை அழுதுகொண்டிருந்தவள் அன்று நிறுத்தினேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம், பூட்டிய கடைக்குள் உட்கார்ந்து உன் டேப்லெட்டைத் திறந்தேன். என் மந்திரக்காரியைத் தொடவில்லை. காயத்தை எழுப்பினேன். மற்றவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஜஸ்டின் மட்டும், “அக்கா, நாங்க முன்னால போறோம். நீங்க அம்மா சொன்ன எடத்துல நில்லுங்க” என்றார்.

மலைப்பாதையைச் சுற்றிப் போய்ப் பின்வாசலில் நின்றேன். முன்பக்கம் அவர்கள் இடிக்கும் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. திக்குகிற அந்தப் பையன் ஒரு தடங்கலும் இல்லாமல் எண்ணிக்கொண்டே அடித்தான். வாசல் உடைந்தது என்று கூச்சல் எழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீ சொன்னதுபோலவே, தன் ஆட்கள் எல்லாரும் உள்ளே சாகும்போது, அவன் மட்டும் ஓடிவந்தான். சிவப்பு அங்கி, கறுத்த கல் கிரீடம். கதவைத் திறந்ததும் எதிரில் நின்ற பெயரைப் பார்த்திருக்க வேண்டும். நின்றான். “ஆரா இது?” என்று எழுதினான். வலப்பக்கம் பாய்ந்தான், மறித்தேன். இடப்பக்கம் வந்தான், மறித்தேன். உன்னுடைய ஆள் அடிக்கத் தெரிந்தவள் அல்ல, நகராமல் நிற்கத் தெரிந்தவள். அவன் அடித்தான், வாங்கிக்கொண்டேன். அவன் பின்னாலிருந்து நம் ஆட்கள் வந்து சேரும்வரை வாங்கிக்கொண்டேன். பிறகு அவன் விழுந்தான். கிரீடம் தரையில் உருண்டது. கொடி இறங்கியது. பூட்டிய கடைக்குள் நான் போட்ட கூச்சலில் தெரு நாய் குரைத்தது. சந்தோஷமாக இருந்ததா என்றால், இருந்தது அம்மா. அதில் எனக்கு வெட்கம் இல்லை.

கோட்டையோடு பெட்டகமும் நம்மிடம் வந்தது. முதலில் கேடயத்தைத் தேடினேன். இல்லை. உன்னை நீக்கிய அன்றே அதை உடைத்து, அந்தத் துண்டுகளில் தனக்கு அந்தக் கிரீடத்தைச் செய்துகொண்டிருக்கிறான் என்று அவன் ஆள் ஒருவனே சொன்னான்.

இரண்டு வாரம் கழித்து அவன் கடைக்கு வந்தான். நான் வேலையை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்காரத் தொடங்கியிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்கினான். முதல் தடவையாகத் தமிழில் பேசினான். நல்ல தமிழ், நம் வீட்டுத் தமிழ்தான்.

“அக்கா, வீடியோவ எல்லா எடத்துலயும் எடுத்துட்டேன். அந்தப் போஸ்டும் எடுத்துட்டேன். பிள்ளைங்க எல்லாம் என்ன விட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா திரும்ப வருவாங்க. ஒரு கேம்தானே அக்கா?”

“கேம்தான்.”

“அம்மாகிட்ட நேர்ல மன்னிப்பு கேக்கணும்னு நெனச்சிருந்தேன். முடியாமப் போச்சு.”

“இப்பவும் கேக்கலாம். படம் அந்தா இருக்கு. பேரு சொல்லிக் கேளு.”

சுவரில் மாலை போட்டிருந்த உன் படத்தை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு நீ அம்மச்சி; விளையாட்டில் காயம்; வீடியோவில் மகாவீரன். உன் பெயரை அவன் ஒருநாளும் கேட்டதில்லை. மெழுகுவர்த்தி வைத்தபோதும் யாரிடமும் விசாரிக்கவில்லை.

“அம்மாவோட பேரு என்னக்கா?” என்று மெதுவாகக் கேட்டான்.

நான் சொல்லவில்லை. வெளியே கடை வாசலில் ஆள் நிற்கிறது, வழிவிடு என்றேன். போனான்.

பெரியம்மா இதைக் கேட்டுவிட்டு, “பாவம், கடைவரை வந்தானே, சொல்லியிருக்கலாம்லா” என்றாள். ஜஸ்டின்கூட அப்படித்தான் நினைக்கிறார், வாய்விட்டுச் சொல்லவில்லை. எனக்கு ஒரு மறுயோசனையும் இல்லை. கோபம் ஆறிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆறவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கடையை நீ எனக்கு விட்டுப்போனாய், வீட்டை விட்டுப்போனாய், இதையும் நீதான் விட்டுப்போனாய்.

அவன் வேறு ஆட்களைச் சேர்த்துவிட்டான். ஒவ்வொரு ஞாயிறும் கோட்டைக்கு வருகிறான். இப்போது முன்வாசல் வழியாக, முன்வரிசையில் வருகிறான். அதை நான் கவனித்திருக்கிறேன். கவனித்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவன் வரும்போதெல்லாம் உன் ஆளை அவன் எதிரில் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.