அப்பா அடுக்கிய டயர்கள்

எஸ்பன்யோலா,
தவக்காலத்து ஞாயிறு

அன்பு மகள் நெல்டாவுக்கு,

அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்திகளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கு இடது கையில் தெம்பு கூடியிருக்கிறது, வலது கையும் பேச்சும் அப்படியேதான், எனக்கு முழங்காலைத் தவிர வேறு குறையில்லை. கார் விஷயமாக உன் அண்ணன் தொலைபேசியில் ஏதோ கதை சொல்லியிருப்பான், நடந்ததை நான் சொல்கிறேன் கேள். வெள்ளிக்கிழமை கொட்டகை வாசலில் இருந்தவர்கள், சக்கர நாற்காலியில் உன் அப்பா ஒனேசிமோ, அவர் பின்னால் நான், உன் அண்ணன் டெல்ஃபினோ, அவன் பெண்டாட்டி எர்லிண்டா, உன் கல்யாணத்தில் கேக் போதவில்லை என்று ஊரெல்லாம் சொன்னாளே அவளேதான், அப்புறம் உன் சித்தப்பா அபுந்தியோ, காரை வாங்க ஆல்புகெர்க்கி நகரத்திலிருந்து வந்த ஒரு பெரியவர். வேறு யாரும் இல்லை.

நீ ஞானஸ்நானத்துக்குப் போன அதே நீல செவ்ரலே காரை விற்பதென்று டெல்ஃபினோ தானாகவே முடிவு செய்துவிட்டான். அப்பாவிடம் கேட்டாயா என்றேன். "அவர்கிட்ட என்னம்மா கேக்குறது, சுவத்துகிட்ட கேட்ட மாதிரிதான்" என்றான். அப்பா பக்கத்திலேயே இருந்தார். நான் அதை மனசில் குறித்துக்கொண்டேன். பெரியவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், அவருக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு ஒரு பக்கம் மட்டும் வெள்ளைப் பட்டை போட்ட டயர்களைக் காட்டச் சொன்னார். அப்பா வழக்கம்போல இலையுதிர் காலத்திலேயே அவற்றைக் கழற்றிக் கொட்டகையில் அடுக்கிவிட்டு, காரைக் கட்டைமேல் நிறுத்தியிருந்தார், அதன் பிறகுதான் பக்கவாதம் வந்தது. அடுக்குகிற முறை உனக்கு மறந்திருக்காது, சின்ன வயதில் நீயே திட்டு வாங்கியிருக்கிறாய், வெள்ளை முகம் வெள்ளை முகத்தைத்தான் தொட வேண்டும், கறுப்பு முதுகு கறுப்பு முதுகைத்தான். மாறி வைத்தால் கறுப்பு ரப்பரின் எண்ணெய் வெள்ளையில் இறங்கிப் பழுப்பு வட்டமாக ஊறிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது.

மேலே போர்த்தியிருந்த சாக்கை விலக்கினால் எல்லாம் மாறிக் கிடந்தது. இரண்டு டயரில் காபி கொட்டின மாதிரி கறை. பெரியவர் முகம் சுருங்கி, இதை யார் அடுக்கினது என்று கேட்டார். "எங்கப்பாதான். அப்பவே புத்தி கலங்கிப்போச்சுங்க, நாங்கதான் கவனிக்கல" என்றான் உன் அண்ணன். எர்லிண்டா உச்சுக்கொட்டினாள். அப்பா நாற்காலிக் கையை இடது கையால் தட்ட ஆரம்பித்தார், அவர் கண் அந்த அடுக்கை விட்டு நகரவில்லை. "பசிக்குது போல, உள்ள கூட்டிட்டுப் போம்மா" என்றான் அவன். நான் நகரவில்லை. அப்பா மடியில் கிடந்த வலது கையை இடது கையால் தூக்கி நிறுத்தி, இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தார். "பாருங்க, ஜெபம் பண்றாரு, பாவம்" என்றாள் எர்லிண்டா. அப்பா தலையை வேகமாக ஆட்டினார். கைகளைப் பிரித்தார், இந்த முறை புறங்கையோடு புறங்கையை வைத்தார். மறுபடி உள்ளங்கையோடு உள்ளங்கை. மறுபடி புறங்கை.

எனக்கு முன்னால் பேசியவர் அந்நியரான அந்தப் பெரியவர்தான், தொப்பியைக் கழற்றிவிட்டு, "வெள்ளையோட வெள்ளை, கறுப்போட கறுப்பு. இவருக்கு எல்லாம் தெரியுதே. இவரு இப்படி அடுக்கல" என்றார். அப்பா மெல்லத் திரும்பி அபுந்தியோவையே பார்த்தார். அபுந்தியோ முகம் வெளுத்து, "அண்ணே, நான்தான்ணே. பனி விழுந்தப்ப ஏணி எடுக்க வந்தேன், நீங்க ஜன்னல்லேர்ந்து பாத்தீங்க, டயரு வழியில இருந்துச்சு, அவசரத்துல எடுத்துத் திருப்பி வச்சுட்டேன்" என்று அழுதுவிட்டான். பெரியவர் அப்பாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து, "ஐயா, வண்டிய விக்க உங்களுக்கு இஷ்டமா" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அவரிடம் ஒருவர் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பா இல்லை என்று தலையாட்டினார். தவக்கால வெள்ளி என்பதால் இறைச்சி இல்லை, பயறும் சிவப்பு மிளகாய்க் குழம்பும்தான், பெரியவர் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். உன் அண்ணன் சாப்பிடாமல் போய்விட்டான்.

வாய் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிற மனுஷனும் போய்விட்டான் என்று நினைத்துவிடுகிறார்கள், நெல்டா. நேற்று அபுந்தியோ மண்டியிட்டு, பிரஷும் சோப்பும் வைத்து மாலைவரை தேய்த்தான். கறை போகவில்லை. வேறு டயர் வாங்கித் தருகிறேன் என்றான், அப்பா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். பெரிய வெள்ளியன்று ஊரின் பழைய கார்கள் எல்லாம் வழக்கம்போல வலம் வரும்போது நாங்களும் கறையோடேயே ஊர்த்தெருவில் போகப்போகிறோம், அபுந்தியோ ஓட்டுவான், அப்பா முன்சீட்டில். கறைபட்ட இரண்டையும் தன் பக்கத்திலேயே மாட்டச் சொல்லிக் கையைக் காட்டினார், பார்க்கிறவன் பார்க்கட்டும். அன்று கூப்பிடுவதானால் சாயங்காலம் கூப்பிடு, தொலைபேசியை அவர் காதருகில் வைக்கிறேன், நீ பேசு, அவர் கேட்பார். பேத்திகளுக்குக் காதை மூடிக் குல்லாய் போடு. சிமாயோ கோயிலின் குழந்தை இயேசு உங்கள் எல்லோரையும் காக்கட்டும்.

உன் அம்மா,
ஹெனொவேவா

அபுந்தியோவை மன்னித்துவிட்டேன், தப்புச் செய்தது அவன் கை, அதை ஒப்புக்கொண்டது அவன் வாய். எர்லிண்டாவை ஈஸ்டருக்குள் மன்னிக்கப் பார்க்கிறேன். அப்பா உட்கார்ந்திருக்கும்போதே அவரைச் சுவர் என்றவனை மட்டும் மன்னிக்கச் சொல்லி எழுதாதே. பெற்ற வயிறு என்றும் எழுதாதே. நான் மன்னிக்காதவன் டெல்ஃபினோ.