பேடா எதற்காக?

எதிர்வீட்டு அம்மாள் இன்று காலை கதவைத் தட்டி ஒரு பால் பேடாவை நீட்டினார். புனேயில் நல்ல சேதி வந்தால் பேடா தராமல் விடமாட்டார்கள். வாங்கிய கை வாயருகே போய் நின்றது. "கஷாச்சே பேடே?" என்று மராத்தியில் கேட்டேன், எதற்காக இந்தப் பேடா என்று. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட வழக்கம்.

தொண்ணூற்றெட்டு மே மாதம். இதே புனேயில், ஔந்தில் ஒரே அறையில் இருந்தோம். நான் கோயம்புத்தூரிலிருந்து வேலைக்கு வந்தவன். நீ கொழும்பிலிருந்து கம்ப்யூட்டர் படிக்க வந்தவன். எங்கள் நாடு பாலைவனத்தில் அணுகுண்டு சோதித்த செய்தி வந்த மாலை, அரைக் கிலோ பேடா வாங்கிவந்து உன் கையில் ஒன்றைத் திணித்தேன். வாயருகே கொண்டுபோய், "என்னத்துக்கு?" என்றாய். சொன்னேன். உன் கை இறங்கிவிட்டது.

"உங்களுக்குப் பெலன் கூடக் கூட, நாங்கள் மெல்லமாக் கதைக்க வேண்டிக் கிடக்கு மச்சான்."

எனக்குச் சுருக்கென்றது. பெரிய நாட்டுக்காரனின் சந்தோஷத்தைப் பக்கத்து நாட்டுக்காரன் கேள்வி கேட்டால் பொறுக்காது போலிருக்கிறது. "பயமா இருந்தா உங்க ஊருக்கே போயிக்கோ" என்றேன். நீ ஊருக்குப் போகவில்லை. அடுத்த வாரம் கசார்வாடியில் வேறு அறை பார்த்துக்கொண்டாய். ஜன்னலோரம் எறும்பு மொய்த்துக் கிடந்த உன் பேடாவை நான்தான் எடுத்துப் போட்டேன்.

பத்து வருடம் கழித்து, மகர்பட்டா அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், உங்கள் தெற்குக் கரையில் சீனர்கள் துறைமுகம் கட்டுவதாகப் படித்தேன். வடக்கே எல்லையிலும் அவர்கள், தெற்கே கடலிலும் அவர்களா என்று சாப்பாட்டை மூடி வைத்தேன். படிப்பு முடிந்து கொழும்பு திரும்பியிருந்த உனக்குப் போன் போட்டேன்.

"என்னப்பா, அவங்கள இவ்வளவு கிட்ட விட்டுட்டீங்களே. எங்களுக்குப் பயமா இருக்காதா?"

அன்று நான் சொன்னதைப் போல நீயும் குத்தலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சிரித்தாய்.

"ரெண்டு பெரிய ஆக்களுக்கு நடுவில இருக்கிறம், ஆரையும் பகைக்க ஏலாது. இப்ப உன்ர குரலும் இறங்கிட்டுது, மச்சான்."

அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். போன மாதம் உன் மனைவி பேசினார். மாரடைப்பு, நீ போய்விட்டாய் என்றார். உலக நடப்பு பற்றி உன்னிடம் மணிக்கணக்கில் பேசியவன், மன்னிப்பு என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது.

எதிர்வீட்டு அம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மகளுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம். இதற்காகப் பக்கத்து வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. சாப்பிட்டேன். பிறகு, உன் பங்குக்கு இன்னொன்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.