திரும்ப மறுத்த திறப்பு

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
2004 வைகாசி, சனிக்கிழமை.

அன்பு மகள் ஜெயரூபிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மாடுகளும் நல்ல சுகம். நீ அனுப்பிய காசில் வாங்கிய கார்தான் போன கிழமை படுத்துவிட்டது. பயப்படாதே, இப்போது எழும்பி ஓடுகிறது. ஆனால் அதில் நடந்த கூத்தை உனக்கு எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

சந்தைக்குப் போகலாம் என்று ஏறிக் கார்ப் பூட்டில் திறப்பைப் போட்டால், அது திரும்பவே இல்லை. ஸ்டியரிங்கும் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. பக்கத்து வீட்டு நடராசா அண்ணை ஓடி வந்தார். சண்டையால் பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர் அல்லவா? அவருடைய பழைய காருக்குத் திறப்பும் இல்லை, ஸ்டியரிங் பூட்டும் இல்லை. இரண்டு வயரை முட்டவைத்தால் புறப்பட்டுவிடும். அந்த அனுபவத்தில், பிடித்து முறுக்கு, இளகும் என்றார். நானும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டுக் குறட்டால் முறுக்கினேன். திறப்பு முறிந்து பாதி உள்ளே, பாதி என் கையில். பிறகு இரண்டு பேருமாக ஸ்டியரிங்கைப் பிடித்து ஆட்டியதில் உள்ளே இருந்த பூட்டுக் கம்பியும் வளைந்துபோனது.

கிளிநொச்சி ரவுண் கராஜில் கேட்டேன். முழுவதையும் மாற்ற வேண்டும், சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். சொன்ன விலைக்கு ஒரு கறவை மாடு வாங்கலாம். விலையைவிட எனக்கு வேறு கவலை. நீயும் மருமகன் தர்சனும் வர இன்னும் ஒரு மாதம்தான். ஐந்து வருடம் கழித்து வரும் பிள்ளையை ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறக்கிப் பஸ்ஸிலா ஏற்றுவது? அதோடு, உன்னை ஏற்ற வரும்போது எப்படியாவது அம்மாவையும் காரில் ஏற்றிவிட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு திட்டம் வைத்திருந்தேன்.

அம்மாவின் பிடிவாதம் உனக்குத் தெரியும். அங்கே வெளிநாட்டில் கலியாணத்தைப் பதிந்த பிறகுதான் எங்களுக்கு ரெலிபோனில் சொன்னாய் என்று உன்னோடு கதைப்பதையே விட்டவர். அவளின்ர காரில கால் வைக்க மாட்டன் என்றார், வாங்கி ஒரு வருடமாக வைக்கவே இல்லை. தங்கம்மா வீட்டுக் கலியாணத்துக்கு நான் காரில் போக, அவர் பின்னால் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஊர் சிரித்தது. நானும் சிரித்து, வீட்டுக்கு வந்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முறுக்கச் சொன்ன பாவம் உறுத்தியதோ என்னவோ, நடராசா அண்ணை முல்லைத்தீவிலிருந்து நஜீம் என்ற மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டு இப்போது திரும்பி வந்து கராஜ் போட்டிருப்பவர். அவர் பூட்டைக் கழற்றி, கார் மூடியில் பேப்பரை விரித்துத் தட்டினார். முறிந்த திறப்புத் துண்டு விழுந்தது. பின்னால் பொருக்குப் பொருக்காக ஏதோ கொட்டியது. எடுத்து மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார்.

“ஐயா, இது சந்தனம். படை படையா இறுகிக் கிடக்கு. கன நாளா ஆரோ பூசியிருக்கினம்.”

கார் வாங்கிய அன்று ஐயர் கண்ணாடியில் வைத்த பொட்டுத்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது தேத்தண்ணியோடு வந்த அம்மா முற்றத்து நடுவில் நின்றுவிட்டார். பிறகு தட்டை நடராசா அண்ணையின் கையில் திணித்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

நானும் பின்னால் போய்க் கேட்டேன். முதலில் சட்டி பானைதான் பதில் சொன்னது. பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

“என்ர பிள்ளை ஏறப்போற வாகனம். வெள்ளிக்கிழமையில பூசாமல் விடலாமே?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது மகளே. சிரிப்பும் வந்தது. திறப்புப் போடும் இடம்தான் காரின் நெற்றி என்று நினைத்தாராம். வெள்ளி தோறும் நான் வயலுக்குப் போனபின் பூசிக் கும்பிட்டு, நான் காணக்கூடாதென்று வெளியில் உள்ளதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவாராம். மிச்சத்தைத் திறப்பால் உள்ளே தள்ளித் தள்ளி இறுக்கியது நான்தான். வெளியே நின்று கதவால் எட்டித்தான் பூசியிருக்கிறார். கால் மட்டும் வைக்கவில்லை. சொன்ன சொல் தவறவில்லை, பார்.

நஜீம் வவுனியாவில் ஏற்கெனவே பாவித்த பழைய பூட்டு ஒன்று தேடி எடுத்துப் பூட்டித் தந்தார். அதுவும் மலிவில்லை. அம்மாவே சீட்டுக் காசை எடுத்துக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை, மறுத்தால் சட்டி பானை திரும்பவும் பேசும். இனிமேல் சந்தனத்தைக் கண்ணாடியில் பூசச் சொல்லுங்கோ என்று நஜீம் சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு திறப்பில் ஒன்றை, நான் தொலைத்துவிடுவேனாம் என்று அம்மா வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார்.

நேற்று வெள்ளிக்கிழமை. வயலால் வந்து பார்த்தேன், கண்ணாடியில் பெரிய சந்தனப் பொட்டு. துடைக்கவில்லை. ஓமந்தைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று நடராசா அண்ணையிடம் கேட்டாராம். என்னிடம் கேட்கவில்லை.

ஆகவே மகளே, ஓமந்தையில் வந்து இறங்கியதும் தர்சனை முன்னால் என்னோடு இருக்கச் சொல். நீ பின் கதவைத் திறந்து ஏறு. அம்மா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாலும் நெருங்கி இரு. கார்ப் பூட்டைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காதே. நெற்றியில் பொட்டு வைக்காமல் வா. மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் இருவரையும் சுகமாகக் கொண்டுவந்து எங்கள் கையில் சேர்க்கும்படி சிவனைக் கும்பிட்டபடி,

உன் அப்பா,
செல்வநாயகம்.