ஆதாரம்: பேஸ்டிங் ஹால், ஏழு பேர்

நேற்று பொன்னேரி கடைத்தெருவில் மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போனேன். கடைக்காரர் அட்டைப்பெட்டியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. புது ஷூவின் பசை வாசனை. ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் நீ என் பக்கத்தில் வந்து உட்காரும்போது உன் துப்பட்டாவில் அடிக்குமே, அதே வாசனை. "இன்னாம்மா, அழுவுறியா?" என்று மகள் கேட்டாள். பசை கண்ணைக் கரிக்குது என்று சொல்லிவைத்தேன்.

உனக்கு எழுத வேண்டும் என்று எத்தனையோ வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் நான் செய்ததையும் எழுத வேண்டும். அதுதான் காரணம், வேலை இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன்.

கல்லூரியில் நீ விலங்கியல், நான் வேதியியல். படிப்பு முடிந்து இரண்டு பேருக்கும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. எனக்குப் பெயிண்ட் கம்பெனியின் லேப். உனக்கும் லேப் என்று சொல்லித்தான் எடுத்தார்கள்; உட்கார வைத்தது ஷூ செய்கிற ஒரு யூனிட்டில், பசை தடவி ஒட்டுகிற பேஸ்டிங் ஹாலில். "பேருக்குத்தான் சூப்பர்வைசர். ஆளு வர்லன்னா நான்தான் பிரஷ் புடிக்கணும்" என்பாய். அங்கே யாராவது ஒருத்தர் வராத நாளே இல்லை. தூசி வந்து பசையில் ஒட்டும் என்று ஜன்னலைக்கூடத் திறக்க விடமாட்டார்கள் என்பதையும் நீதான் சொன்னாய். நான் அதைக் காதில் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமையானால் நீ பழவேற்காட்டு பஸ்ஸில் வந்து இறங்குவாய். ஸ்டேஷன் பக்கத்து பிரௌசிங் சென்டரில் ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டுக்கொள்வோம். வேலைக்கு விண்ணப்பம் போடத்தான் போக ஆரம்பித்தோம். ஒருநாள் எதையோ தேடப்போய், இணையத்தில் யார் வேண்டுமானாலும் திருத்தி எழுதக்கூடிய தமிழ்க் கலைக்களஞ்சியத்தில் 'நரம்பணு' என்ற கட்டுரை கண்ணில் பட்டது. மொத்தமே இரண்டு வரி. "இன்னாடி இது, ரெண்டே வரி, அதுலயும் நாலு தப்பு" என்று உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! அன்றைக்கே உட்கார்ந்து முழுக்கத் திருத்தினாய். நரம்பின் மேலுறையை, ஒயர் மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறை மாதிரி என்று எழுதினாய். அதைப் படித்தால் எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் புரியும்.

அதிலிருந்து நரம்பு உனக்கு, வேதியியல் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். நாம் எழுதுவதை யாரோ படிக்கிறார்கள் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை. உன்னைவிட எனக்கு விதிகள் அத்துப்படி. எந்த வாக்கியத்துக்கும் ஆதாரம் வேண்டும், அது அச்சான புத்தகமாகவோ ஆய்விதழாகவோ இருக்க வேண்டும், சொந்த அனுபவம் செல்லாது. நான் இதை ஒப்பிக்க ஆரம்பித்தால், "தோ, டீச்சரம்மா வந்துட்டாங்க" என்று நீ முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து கைகட்டிக்கொள்வாய். உன் கட்டுரைகளில் எத்தனை வரியை வெட்டியிருப்பேன்! ஒருதடவைகூட நீ முகம் சுளித்ததில்லை.

ஒரு நாள் பசை டின்னிலிருந்து லேபிளை உரித்துப் பையில் வைத்துக் கொண்டுவந்தாய். "இதுல கலக்குறது இன்னானு பாரேன், தலைய வலிக்குது" என்றாய். எக்சேன் என்று போட்டிருந்தது. தமிழில் அதற்குக் கட்டுரை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஆறு கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், கொதிநிலை, அடர்த்தி, பயன்கள் என்று ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். உன் தலைவலியைப் பற்றி அப்புறம் நான் கேட்கவே இல்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிறு, பஸ்ஸிலிருந்து நீ ஒற்றைச் செருப்போடு இறங்கினாய். இன்னொன்று எங்கே கழன்றது என்று உனக்கே தெரியவில்லை. சென்டர் வரைக்கும் சிரித்துக்கொண்டே போனோம். அன்றைக்கு நீ தட்டியதில் வரிக்கு இரண்டு எழுத்து தப்பு. "தூங்கினே தட்றியா?" என்று கேலி செய்தேன். நீ விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டாய். "உடம்புலயே நீளமான நரம்பு காலுக்குப் போறதுதான்டி. கெட்டா அதான் மொதல்ல கெடும்" என்றாய். ஏதோ கட்டுரைக்காகச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் என் எக்சேன் கட்டுரையின் அடியில் புதிதாக மூன்று வரி இருந்தது. நீ எழுதியவை. "இதைத் தினமும் கையாளுகிறவர்களுக்கு முதலில் கால்விரல் மரத்துப்போகும். பிறகு கைவிரல். செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது."

ஒற்றைச் செருப்புக் கதையைக் கொண்டுபோய் இங்கே ஏற்றி என்னைச் சீண்டுகிறாய் என்று நினைத்தேன். நீக்கினேன். நீக்கினால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. "ஆதாரம் இல்லை. கலைக்களஞ்சிய நடை அல்ல" என்று எழுதினேன். நேரில் பார்த்தபோதும் விடவில்லை. "செருப்பு கழண்டா தெரியாதாம்! கதை எழுதுறியாடி?" என்றேன். நீ சிரித்தாய். "சரிங்க டீச்சரம்மா, ஆதாரம் கொண்டாறேன்."

கொண்டுவந்தாய். பத்து நாளில் அதே மூன்று வரி மறுபடியும் அங்கே இருந்தது. இந்தமுறை கீழே அடிக்குறிப்பும் போட்டிருந்தாய். "ஆதாரம்: பேஸ்டிங் ஹால், ஏழு பேர்." அதற்குப் பிறகு ஏழு பெயர்கள். ஏழாவது உன் பெயர்.

உன் பெயரை நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் நீக்கினேன். விதியைத் தெரிந்துகொண்டே மீறுகிறாளே என்ற எரிச்சல் எனக்கு. "அனுபவம் ஆதாரமாகாது" என்று காரணம் எழுதினேன். கால் எப்படியிருக்கிறது என்று ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. நீயும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டாய். கோபம் என்று நினைத்து நானும் வீம்பாக வேறு நேரத்து வண்டிக்கு மாறிக்கொண்டேன். டவுன் ஆஸ்பத்திரியில் சத்து இல்லை என்று மாத்திரை கொடுத்தனுப்பியதும், அதைத் தின்றுகொண்டே நீ வேலைக்குப் போய்வந்ததும் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

உன் அண்ணன்தான் போன் செய்தார். "தங்கச்சி மௌத்தா பூட்டாம்மா" என்றார். பழவேற்காட்டு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து, தலையில் அடிபட்டு அங்கேயே உயிர் போய்விட்டதாம். வீட்டில் எல்லோரும் கால் வழுக்கிவிட்டது என்றார்கள். உன் அண்ணி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "வழுக்கல்லாம் இல்லக்கா. கொஞ்ச நாளாவே படி கால்ல படுதா இல்லியான்னு தெரியலன்னு சொல்லிக்கினு இருந்தா. குனிஞ்சு பாத்துதான் கால வெப்பா." யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். நீ யாரிடமும் சொல்லாமல் இல்லை. என்னிடம் இரண்டு தடவை எழுதிச் சொன்னாய்.

அந்த வாரமே சென்டருக்குப் போய்த் தேடினேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. தொழிலாளர் நோய்கள் பற்றிய ஒரு வெளிநாட்டு மருத்துவப் புத்தகத்தில் அச்சாகவே இருந்தது. காலணிப் பசை ஒட்டுகிறவர்கள், முதலில் கால்விரல், பிறகு கைவிரல். நீ எழுதிய அதே வரிசை. அதற்கு அடுத்த வரியையும் படித்தேன். அந்த வேலையை விட்டு விலகினால் மெதுவாகவாவது பெரும்பாலும் உணர்ச்சி திரும்பிவிடும் என்று போட்டிருந்தது. உன்னை நீக்குவதற்கு முன்னால் தேடியிருந்தால் அந்த வரி உன் கையில் இருந்திருக்கும். இதற்கு மேல் இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கட்டுரையின் பழைய பதிப்புகள் அழிவதில்லை. அதிலிருந்து அந்த ஏழு பெயரையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு, புத்தகத்தின் அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு தேடிப்போனேன். மூன்று பேர்தான் கிடைத்தார்கள். ரயில்வே கேட் பக்கத்தில் குடியிருந்த ஒருத்தி, தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தின் பக்கத்தை நீட்டிப் படித்துச் சொன்னதும், "அந்தக்கா சொல்லுச்சு, எங்க பேரல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், இனிமே எவனும் இல்லன்னு சொல்ல முடியாதுன்னு. இதுல எங்க பேரு எங்கக்கா?" என்று கேட்டாள். நான்தான் எடுத்துவிட்டேன் என்று சொன்னேன். அவளுக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தால் திட்டியிருப்பாள், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போனேன். டாக்டர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வேலையை விடச் சொல்லி எழுதிக்கொடுத்தார். அவள் தேர்வாய் கண்டிகையில் வேறு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கும். ஒருநாள் வண்டியில் என்னைப் பார்த்து, "அக்கா, கால்ல எறும்பு கடிச்சா தெரியுதுக்கா" என்று கத்தினாள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உனக்கும் தெரிந்திருக்குமே என்று.

எக்சேன் கட்டுரை இப்போது நீளமாக, நன்றாக இருக்கிறது. யார் யாரோ சேர்த்திருக்கிறார்கள். உன் முதல் இரண்டு வரியை அந்தப் புத்தகத்தின் ஆதாரத்தோடு நானே திரும்ப வைத்தேன். மூன்றாவது வரியை வைக்க முடியவில்லை. செருப்பைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதற்கு ஆதாரம் நீங்கள் ஏழு பேர்தான்.

இன்றைக்கும் நான் திருத்திக்கொண்டுதான் இருக்கிறேன். ஆதாரமில்லாத வரி ஒன்று வந்தால் உடனே கை போவதில்லை. எழுதியவருக்கு முதலில், "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு செய்தி அனுப்புவேன். பிறகு நானே தேடுவேன். ஐந்தாறு பேர்தான் பதில் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் உனக்கு எதையும் ஈடுகட்டாது என்று எனக்குத் தெரியும்.

நேற்று கடையில் மகள் ஷூவைப் போட்டுக்கொண்டதும் குனிந்து முனையில் அவள் கட்டைவிரலை அழுத்தினேன். அளவு பார்க்க எல்லா அம்மாவும் செய்வதுதான். கடைக்காரர், "கரெக்ட் சைஸ்மா, ஒரு வெரக்கட எடம் இருக்கு" என்றார். நான் விடவில்லை. ஒவ்வொரு விரலாக அழுத்தி, "தெரியுதா? இது தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனேன்.

"தெரியுதும்மா, வலிக்குது, உடு" என்றாள்.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.