நாலு முழத்தில் இருந்த கிதார்

திங்கள், மதிய இடைவேளை

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நானும் பாப்பாவும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் ‘ம், இருக்கேன்’ என்றுதான் பதில் வரும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன்.

ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறோமே, இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசும்போது உங்கள் அறையில் நாலு பேர் இருக்கிறார்கள், என் மடியில் பாப்பா இருக்கிறாள். அதோடு, நான் பாதி சொல்வதற்குள் ‘சரி விடு’ என்று முடித்துவிடுவீர்கள். இது அப்படி விடுகிற விஷயம் இல்லை. வேலை முடிந்து, கை கால் கழுவி, உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் வீட்டுச் சமாசாரம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. ஏழு வயசாச்சே, எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டே பள்ளிக்குப் போகிறாள். குளியலறைக் குழாயை நானே சரி செய்துவிட்டேன், இப்போது முன்பைவிட அதிகமாகச் சொட்டுகிறது. நீங்கள் வாசிக்க உட்கார்ந்தாலே தரையைத் தட்டுவாரே மாடிவீட்டு ஓய்வுபெற்ற வாத்தியார், அவர் போன வாரம் படியில் என்னை நிறுத்தி, ‘என்னம்மா, உங்க வீட்ல சத்தமே காணோம்?’ என்று கேட்டார். குறை சொல்வது போலத்தான் கேட்டார். ஆனால் இந்தத் தடவை குறை, சத்தம் இல்லையே என்பதுதான்.

இனி சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கிதார் கிடைத்துவிட்டது. இன்று நேற்று இல்லை. கிடைத்து நாலு மாதம் ஆகிறது.

ஒருமுறை மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். மீதியையும் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள்.

அது தொலைந்ததே என்னால்தான் என்று எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. ஹோட்டலில் வாசித்துவிட்டு வரும்போது கிதார், ஒலிபெருக்கிப் பெட்டி, தோள்பை என்று ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ எண்ணிவிட்டுத்தான் பஸ்ஸை விட்டு இறங்குவீர்கள். பதினாறு வருஷப் பழக்கம். அன்றைக்குப் பார்த்து, ரிப்பேருக்குக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை வாங்கி வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். பெட்டி, பை, கடிகாரம். மூணு என்று சரியாக எண்ணிக்கொண்டு இறங்கினீர்கள். கிதார் மேல்தட்டிலேயே போய்விட்டது. நீங்கள் அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டு ஆறியிருப்பேன்.

மழை பெய்தால் குடை அதற்கு, நனைவது நீங்கள். அதைத் துடைக்க மெத்தென்ற பனியன் துணி, எனக்குத் தலை துவட்டக் கிழிந்த துண்டு. சக்களத்தி என்று நான் சொல்வதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பீர்கள். பாதிதான் விளையாட்டு. அது தொலைந்த பிறகு நீங்கள் துரும்பாக இளைத்தீர்கள். நண்பர்கள் கொடுத்த கிதார்களை ஒவ்வொன்றாக வாங்கி, ‘கை ஒத்துப்போகல’ என்று ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்தீர்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலங்களில் வீட்டில் இருந்தீர்கள். பாப்பாவுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டீர்கள். நான் பேசினால் என் முகத்தைப் பார்த்துக் கேட்டீர்கள், உங்கள் விரல்கள் தொடையில் எதையோ வாசித்துக்கொண்டிருக்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்கிறது.

எழுபதாவது நாள், கடைசி நிறுத்தத்து டிப்போவிலிருந்து ஒரு சாக்கு மூட்டை எங்கள் தொலைந்த பொருள் அறைக்கு வந்தது. எப்போதும் வருவதுதான். குடைகள், ஒற்றைச் செருப்பு, யாருடையதோ பல்செட். அதோடு தனியாக ஒரு கறுப்புப் பெட்டி. எவனோ ஒரு கண்டக்டர் தன் அலமாரியில் வைத்துவிட்டு நீண்ட விடுப்பில் போயிருக்கிறான். பிடியில் சுற்றியிருந்த நீலக் கயிற்றைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

பதிவேட்டில் கிதார் என்று எழுதவில்லை. ‘கறுப்புப் பெட்டி ஒன்று, உள்ளே கம்பி வாத்தியம்’ என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் யாராவது கிதார் என்று தேடினால் கண்ணில் படாது. பெட்டியைக் குடை அலமாரிக்குப் பின்னால் செருகினேன். ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக ஒரு வாரம்தான்.

அந்த வாரத்திலேயே நீங்கள் என் கவுண்டருக்கு வந்தீர்கள். பன்னிரண்டாவது தடவை. மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று, உங்கள் முறை வந்ததும், ‘ஏதாவது வந்துச்சா?’ என்று கேட்டீர்கள். வீட்டிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் அலுவலக விஷயத்தை அலுவலகத்தில்தான் கேட்கவேண்டும் என்று உங்களுக்கு ஒரு மரியாதை. நான் ‘வரலைங்க’ என்றேன். கிதார் எனக்குப் பின்னால் நாலு முழத்தில் இருந்தது. நீங்கள் தலையாட்டிவிட்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டுப் போனீர்கள்.

மூன்று வாரத்தில், வாசிப்பும் இல்லை, இங்கே இருந்து என்ன செய்ய என்று அந்தக் கிடங்கு வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். எந்த மனுஷனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அதை ஒளித்தேனோ, அந்த மனுஷனை நானே ஊர் தாண்டி அனுப்பிவிட்டேன். பஸ் கிளம்பும்போதுகூட வாய்வரை வந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்களே என்ற பயத்தில் கையை மட்டும் ஆட்டினேன்.

போன ஞாயிறு பாப்பாவிடம், ‘அப்பா விரல் நுனியெல்லாம் இப்ப மெத்துன்னு ஆயிடுச்சு’ என்று சொன்னீர்களாம். அவளுக்கு அது சந்தோஷச் செய்தி, இனிமேல் கன்னத்தைத் தொட்டால் சொரசொரக்காது என்று குதித்தாள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே எங்கள் கண்காணிப்பாளரிடம் போனேன். அவருக்குத் தெரியாமல் நாங்கள் அவரை ‘முத்திரை’ என்போம். முத்திரை குத்தாத காகிதத்தை அவர் காகிதமாகவே மதிப்பதில்லை. பெட்டி என் வீட்டுக்காரருடையது என்றேன். ‘வெளியே தெரியாத அடையாளம் ஒண்ணு சொல்லுங்கம்மா’ என்றார். எட்டு வருஷமாக நான் எல்லாரையும் கேட்கிற கேள்வி. ‘பழுப்பு நிறம்’ என்றேன். ‘எல்லாக் கிதாரும் பழுப்புதான்’ என்றார். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அதை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. மதியம் யாரும் இல்லாதபோது திறந்து பார்த்துவிட்டு அடையாளம் சொல்லலாம். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுகூட உட்கார்ந்தேன். முடியவில்லை. செய்தது போதும் என்று தோன்றியது.

இன்னும் ஏழு வாரத்தில் அது ஏலத்துக்குப் போகும். அடையாளங்களை உங்கள் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். என்னைத் திட்டுவதைத் தனித்தாளில் எழுதுங்கள், அதை முத்திரை படிக்கவேண்டாம்.

இப்படிக்கு,
தப்பு செய்த உங்கள் மனைவி


வியாழன், அலுவலகம் முடிந்து

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

ஒன்பது நாள் காத்திருந்த பிறகு உங்கள் தபால் நேற்று வந்தது. உறைக்குள் தனித்தாள் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தேன். இல்லை. இரண்டு பக்கமும் அடையாளம்தான். ‘நலம்’ என்றுகூட எழுதவில்லை. கோபமா, மனசு விட்டுப்போச்சா, ஒன்றும் தெரியாமல் ராத்திரி முழுக்கப் புரண்டேன்.

இன்று காலை முத்திரை பெட்டியைத் திறந்து மேசைமேல் வைத்தார். நான் படிக்கப் படிக்க, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். கம்பியை முறுக்கும் மூன்றாவது திருகாணியின் பிடி உடைந்து அதற்குப் பதில் சட்டைப் பொத்தான். இருந்தது. கீழ் விளிம்பில், மகளுக்குப் பல் முளைத்தபோது கடித்த தடம், நாலு புள்ளி. இருந்தது. முத்திரை அதை விரலால் தடவிப் பார்த்து, ‘கெட்டிக்காரக் குழந்தை’ என்றார்.

அடுத்ததைப் படிக்க ஆரம்பித்தபிறகுதான் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்கு உறைத்தது. ‘பின்புறம், இடது பக்கம், ஒரு விரல் நீளக் கீறல். மனைவியின் வளையல் பட்டது. கல்யாணமான இரண்டாம் வாரம், கட்டிலில் தனக்கு உட்கார இடமில்லையா என்று கேட்டு அவள் அதைத் தள்ளியபோது.’ பாதியில் நிறுத்திவிட்டேன். முத்திரை தாளை வாங்கித் தானே மனசுக்குள் படித்தார். கிதாரைத் திருப்பிப் பார்த்தார். ‘இருக்குங்கம்மா’ என்றார்.

நான் தள்ளியது ஞாபகம் இருக்கிறது. கீறல் விழுந்தது தெரியாது. நீங்கள் சொல்லவே இல்லையே. பாலிஷ் போடும்போது அதை மறைத்திருக்கலாம். எத்தனை தடவை பாலிஷ் போட்டீர்கள், அதை மட்டும் ஏன் விட்டுவைத்தீர்கள்? என்னை விட்டுவிட்டு அதோடு வாழ்கிறீர்கள் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்தேன். தினமும் நீங்கள் மடியில் வைத்துக்கொண்டதில் நானும் பாப்பாவும் இருந்திருக்கிறோம். இது தெரிந்திருந்தால் நான் அதை ஒளித்திருக்கமாட்டேன்.

முத்திரையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், பதிவேட்டில் ஏன் அப்படி எழுதினேன் என்று. எச்சரிக்கைக் குறிப்பு ஒன்று கொடுப்பார் போலிருக்கிறது. கொடுக்கட்டும். அதற்கும் முத்திரை குத்துவார்.

கிதார் இப்போது வீட்டில், கட்டிலின்மேல் இருக்கிறது. சாயங்காலம் பாப்பா ஒரே ஒரு கம்பியை மீட்டினாள். மாடிவீட்டு வாத்தியார் தரையைத் தட்டினார். அடுத்த நிமிஷமே இறங்கி வந்து, ‘வந்துட்டாரா?’ என்று வாசலில் நின்றே கேட்டார். இன்னும் இல்லை என்று அனுப்பினேன்.

பார்சலில் அனுப்பு என்று நீங்கள் சொல்வீர்கள். அனுப்பமாட்டேன். பத்திரமாக அனுப்பிய பார்சல்கள் எங்கே வந்து சேர்கின்றன என்று எனக்குத் தெரியும், அவற்றின் நடுவில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன். கோபம் இருந்தால் கோபத்தோடேயே கிளம்பி வாருங்கள். பேசவேண்டாம், வாசித்துக்கொண்டிருங்கள். நான் குறுக்கே வரமாட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், வருவேன். கட்டிலில் கொஞ்சம் இடம் கேட்பேன்.

இன்னொன்று. பொருளை வாங்கிக்கொண்டவர் கையொப்பம் என்று பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. நான் போட எடுத்த பேனாவை மூடிவிட்டேன். அது காலியாக இருந்தால் முத்திரைக்குத் தூக்கம் வராது. உரியவர் இந்த மாதத்துக்குள் நேரில் வந்து போடுவார் என்று அவரிடம் உறுதியாகச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கவுண்டரில் நான் சொன்ன ஒரு பொய் போதும். இதையும் பொய்யாக்கிவிடாதீர்கள்.

வழியில் எதையும் எண்ணவேண்டாம், நீங்கள் மட்டும் இறங்கி வந்தால் போதும்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி