பதினைந்து கோல்கள் யார் பெயரில்

ஜூன் 5, புதன்

நான்கு பெண்கள் பின்வரிசையில் நிற்கிறார்கள். நால்வருக்கும் ஓடத் தெரியும், உதைக்கத் தெரியும். பிறகு ஏன் பந்து அவர்களுக்கு நடுவே அத்தனை சாவகாசமாகப் போய்க் கோலுக்குள் விழுகிறது? எனக்குத் தெரியவில்லை.

இன்று ஆறு. போன வாரம் ஐந்து. பெண்கள் கால்பந்து அணிக்குப் பொறுப்பாசிரியை என்று என் பெயரைப் போட்டபோதே சொன்னேன், கணிதம் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்று. பாடசாலை அதிபர் அப்போது சிரித்தார். இன்று சிரிக்கவில்லை.

"இருபதாந் திகதி கடைசி மெட்ச். நானே வந்து பாக்கிறேன் டீச்சர். அதுலயும் இப்படி வாங்குனா புள்ளைங்க டீமை நிப்பாட்டிருவோம். கிரவுண்டைக் கிரிக்கெட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கானுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 6, வியாழன்

ஒரு கொப்பி போட்டிருக்கிறேன். பதினொரு கோல்கள், பதினொரு வரிகள். நிமிடம், எந்தப் பக்கம், யாருடைய பிழை. எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பும் பழக்கம் எனக்கில்லை.

ஏழு வரிகளில் தர்ஷனாவின் பெயர். நடுவில் நிற்பவள். பந்து அவளிடமிருந்து இரண்டு கை தூரத்தில் போகிறது, அவள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பயமா? சோம்பலா? முகத்தில் இரண்டும் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

ஜூன் 8, சனி

மழை. சேற்றில் பயிற்சி.

அழகுமுத்து மாஸ்டரிடம் கேட்டேன். கொட்டகலை ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இளமையில் தோட்ட அணிக்கு ஆடியவர், ஏப்ரலிலிருந்து சம்பளமில்லாமல் பழக்குகிறார். "வாயத் தொறக்க மாட்டேங்கிறாளுங்க டீச்சர். பின்னாடி நிக்கிறவ கத்தணும். இதுக கோயில்ல நிக்கிற மாதிரில்ல நிக்குதுக." வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆனா நிக்கிற எடம் மட்டும் சுத்தம். நீங்க போட்டுக் குடுத்த கோட்ட விட்டு ஒருத்தி நகர மாட்டா" என்றார்.

அது மார்ச்சில் நான் செய்தது. பந்து போகிற பக்கமெல்லாம் பதினொரு பேரும் கூட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பில் கோடு போட்டு, "ஆளுக்கொரு நிரை. உங்க நிரையை நீங்க பாருங்க" என்றேன். உடனே புரிந்துகொண்டார்கள். இந்த அணிக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

வீட்டில் தம்பி ஜீவராஜ் கடையை மூடிவிட்டு வந்து, "என்னாக்கா, இன்னைக்கு எத்தனை?" என்று கேட்டான். ஆட்டமில்லை, பயிற்சிதான் என்றேன். "அப்ப பரவால்ல" என்று சாப்பிட உட்கார்ந்தான்.

ஜூன் 10, திங்கள்

தர்ஷனாவிடம் சொன்னேன், புதன்கிழமை நீ வெளியே உட்கார வேண்டும் என்று. ஏன் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். கொப்பியைக் காட்டக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"சரிங்க டீச்சர்."

அவ்வளவுதான். நிலத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். ஏதாவது கேட்டிருக்கலாம் அவள். அல்லது நான்.

ஜூன் 12, புதன்

வட்டகொடையில் சிநேகபூர்வ ஆட்டம். நான்கு கோல்.

தர்ஷனா ஆடவில்லை. இரண்டு பாதியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அப்படியென்றால் அந்த ஏழு வரிகளுக்கு என்ன அர்த்தம்? அவள் இடத்தில் நின்ற பிள்ளையும் அப்படியேதான் நின்றாள். பந்து அப்படியேதான் போனது, பக்கத்தில் நிற்கும் ஹம்சினிக்கும் அவளுக்கும் நடுவில். இருவரும் பார்த்துக்கொண்டு.

நடுவில் நிற்பவளின் பெயர் அதிகம் வரத்தானே செய்யும்? இதை ஒரு மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையால் வெட்டியிருப்பேன். இருபத்து நான்கு வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறேன் — சே.

இன்னொன்று. இடைவேளையில் கொப்பியைப் பெஞ்சில் வைத்துவிட்டு மாஸ்டரிடம் பேசப் போனேன். திரும்பி வந்தபோது அது திறந்து கிடந்தது. காற்றாக இருக்கலாம்.

ஜூன் 13, வியாழன்

தர்ஷனா பாடசாலைக்கு வரவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்றும். கொப்பியைத் திறந்தது காற்றில்லை. எனக்குத் தெரியும்.

ஜூன் 17, திங்கள்

பின்னேரம் பயிற்சி நடக்கும்போது தர்ஷனாவின் தாய் காளியாயி வந்தார். பறித்த கொழுந்தை நிறுவையில் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம்மக என்னா தப்புங்க டீச்சர் செஞ்சா? நாலஞ்சு நாளா சுருண்டு படுத்துக் கெடக்கா. கேட்டா, பொஸ்தகத்துல எம்பேருதான் நெறைய இருக்குங்கிறா."

பந்து பக்கத்தில் போகும்போது அவள் அசைவதில்லை என்றேன்.

"யாரு பக்கம் போனுச்சு?"

"பெரும்பாலும் ஹம்சினி பக்கம்."

"அட, அப்ப அது ஹம்சினி நெரைங்களே!" சிரித்துவிட்டார். "நீங்கதானே நெர புடிச்சுக் குடுத்தீங்களாம்? காலையில வேலைக்குப் பேரு குடுக்கிற பெரட்டுல கங்காணி நெர குடுத்தா குடுத்ததுதாங்க. அடுத்தவ நெரையில கைய வச்சா அது கொழுந்து களவு. எம்மக அங்க பூந்தா, ஹம்சினி ஆத்தா நாளைக்கு மலையில எங்கூடல்ல மல்லுக்கு நிப்பா!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மைதானத்துக்கு மேலே தேயிலைதான். தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் பயிற்சி நடத்துகிறோம். அந்த மலையில் ஒவ்வொருத்தியும் தன் நிரையில் நிற்பதை எத்தனை வருடமாகப் பார்க்கிறேன்? ஹட்டன் கடைவீதியில் பிறந்த எனக்கு அது ஒரு நல்ல உவமை. அவர்களுக்கு அது சட்டம்.

அவரிடம் கேட்டேன். "நிரைக்காரிக்கு முடியாமல் போனால்? யாரும் உதவ மாட்டீர்களா?"

"கூப்புட்டா போவோங்க. ஏன் போகாம? கூப்புடாம பூந்தாதான் ரோசம் வரும்."

நாளை தர்ஷனாவை அனுப்புவதாகச் சொன்னார். போகும்போது, "அந்தப் பொஸ்தகத்த கொஞ்சம் மூடி வைங்க டீச்சர்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஜூன் 18, செவ்வாய்

தர்ஷனா வந்தாள். வகுப்பில் கடைசி வரிசை. என்னைப் பார்க்கவில்லை.

நான்கு பாடவேளையும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று இருந்து சொல்லாமலே வந்துவிட்டேன். என்ன பயம் எனக்கு? பிள்ளைகள் முன்னால் பிழையை ஒப்புக்கொண்டு பழக்கமில்லை, அதுதான். வேறு காரணம் தேடாதே.

மேசையில் கொப்பி கிடக்கிறது. ஏழு வரி. ஏழு தடவை ஒரு பிள்ளையின் பெயரை எழுதியிருக்கேன், ஒரு தடவையாவது அவளைக் கூப்பிட்டு "ஏம்மா நிக்கிற?"னு கேட்டேனா? கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பா.

ஜூன் 19, புதன்

சொல்லிவிட்டேன்.

பயிற்சிக்கு முன் எல்லாரையும் உட்கார வைத்து, பதினைந்து கோலும் என் பிழை, மார்ச்சில் நான் சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது என்றேன். தர்ஷனாவின் பெயரை எழுதியதும் பிழை, வெளியே உட்கார வைத்ததும் பிழை. மாஸ்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

கோல்காப்பாளர் நிஷாந்திதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப டீச்சர், நீங்களும் ஒரு மெட்ச் வெளிய உக்காரணுமுங்களா?"

"நான் எப்போதும் வெளியேதானே உட்கார்ந்திருக்கிறேன்" என்றேன். சிரித்தார்கள். தர்ஷனா சிரிக்கவில்லை.

புதிய விதி ஒன்றே ஒன்று. முடியவில்லை என்றால் கூப்பிடு. கூப்பிட்டால் போ. மாஸ்டர் ஒரு மணி நேரம் அதையே பழக்கினார். முதலில் "தர்ஷனா" என்று கூப்பிடுவதற்கே ஹம்சினிக்கு வெட்கம், காதில் ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள். "என்னாடி, ஆசுபத்திரியில நோயாளி பாக்க வந்தியா? கத்துடி!" என்றார் மாஸ்டர். இருட்டுகிற நேரத்தில் மேலே லயத்து வீடுகளிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, என்ன சத்தம் என்று கேட்குமளவுக்குக் கத்தினார்கள்.

ஒருநாள் பயிற்சியில் என்ன மாறிவிடும்? எதுவும் மாறாது என்றுதான் என் அறிவு சொல்கிறது. நாளை தர்ஷனா ஆடுகிறாள். பஸ் ஏழு மணிக்கு.

ஜூன் 20, வியாழன்

நுவரெலியா. தூறல், முதல் பாதி முழுக்கப் பனிமூட்டம்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் கோல் வாங்கினோம். ஹம்சினி "தர்ஷனா, வா!" என்று கத்தினாள். தர்ஷனா ஓடி வந்தாள். கூப்பிட்ட ஹம்சினியும் நிற்காமல் ஓடினாள். இருவரும் மோதி விழ, பந்து தனியே உள்ளே போனது. ஹம்சினிக்கு உதடு வீங்கிவிட்டது. "கூப்புட்டுட்டு நீ ஏன்டி வந்த?" "நீ வருவியான்னு யாருக்குத் தெரியும்?" சேற்றில் உட்கார்ந்தபடியே சண்டை. அதிபர் என் பக்கம் திரும்பினார். நான் திரும்பவில்லை.

அதன் பிறகு கோல் விழவில்லை. மூட்டத்தில் பிள்ளைகள் சரியாகத் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வா, வா, நான் இருக்கேன், விடு. மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தோற்றோம். ஒன்றுக்குப் பூச்சியம்.

நானுஓயா தாண்டும்போது அதிபர் முன் இருக்கையிலிருந்து மாஸ்டரிடம் கேட்டார்: "கிரிக்கெட் பயலுகளுக்கு வெள்ளிக்கிழமை ஒரு நாள் கிரவுண்டைக் குடுத்தா போதாதா?" மாஸ்டர் போதும் என்றார். அவ்வளவுதான் பேச்சு.

கொட்டகலையில் இறங்கும்போது தர்ஷனா என் இருக்கையருகே நின்றாள். பத்து நாளில் அவளாக என்னிடம் பேசியது இதுதான் முதல் தடவை.

"டீச்சர், இன்னைக்கு அந்தக் கோலை யாரு பேருல எழுதுனீங்க?"

"இன்னும் எழுதவில்லை."

"ரெண்டு பேரும் ஓடுனோம்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன்.