பன்னிரண்டு துண்டுகள்

செவ்வாய் நிலையம். நாள் 611. பதிவு: பொறியாளர் இசக்கியம்மாள்.

09:10
காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. கீரைத்தொட்டியில் பூஞ்சை, கழுவினேன். இங்கே இருப்பது இரண்டே பேர். ஆறு மாதத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து உறைதுயில் பெட்டியில் படுப்போம். இப்போது டாக்டர் ராயப்பனின் முறை. மனிதர் பருப்புப்பொடியை எங்கோ ஒளித்துவைத்துவிட்டுப் படுத்துவிட்டார். எழட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

09:42
அவருடைய பெட்டியின் குளிரூட்டி நின்றுவிட்டது. பகல் இரண்டு மணிக்குள் எழுப்பத் தொடங்காவிட்டால் பிழைக்கமாட்டார். எழுப்பும் முறை மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறார். இங்கிருக்கும் செய்முறைக் கோப்பு கெட்டுப்போய்த் திறக்க மறுக்கிறது. பூமியிடம் கேட்டிருக்கிறேன். செய்தி போகப் பத்தொன்பது நிமிடம், வரப் பத்தொன்பது நிமிடம்.

10:25
தரைக்கட்டுப்பாட்டிலிருந்து தணிகைவேல்: “அக்கா, கோப்பு அம்பத்தெட்டு பக்கம். மொத்தமா அனுப்பினா ஆன்டெனா தாங்காது. பன்னெண்டு துண்டா வெட்டி அனுப்பறேன். நீங்க ஒட்டி பெட்டில ஏத்திருங்க. மீதிய அதுவே படிச்சு செஞ்சுக்கும்.”

12:50
பன்னிரண்டும் வந்தன. ஒட்டும் மென்பொருள் முதலில் புதுப்பிக்கச் சொன்னது. அப்புறம் உரிம எண் கேட்டது. கொடுத்தால், ‘இணையத்தில் சரிபார்க்கிறேன், காத்திருக்கவும்’ என்கிறது. செவ்வாயில் எங்கேயடா இணையம்?

13:15
பழைய பதிப்பு ஒன்றைத் தோண்டி எடுத்தேன். மூன்று முறை பாதியில் செத்தது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. ஒரு கத்து கத்தினேன். கேட்க ஆளில்லை.

13:35
ஒட்டிவிட்டது! எண்ணிப் பார்த்தேன்: ஐம்பத்தெட்டுப் பக்கம், ஒன்றும் குறையவில்லை. முதல் பக்கமும் சரி. பக்கம் பக்கமாகப் பார்க்கப் பொறுமை இல்லை. பெட்டியில் ஏற்றித் தொடங்கிவிட்டேன்.

13:41
முதல் துண்டு முடிந்தது, உடல் சூடேறுகிறது. அடுத்து இதயத்தை இயக்க வேண்டும். ஆனால் பெட்டி அவருடைய சுவாசக் குழாயை உருவுகிறது. திரையில் ‘துண்டு 10’. பாழாய்ப்போன மென்பொருள் எண்ணைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்து அடுக்கியிருக்கிறது: 1, 10, 11, 12, அதற்குப் பிறகுதான் 2. நிறுத்துவதற்கு மருத்துவரின் கைரேகை கேட்கிறது. மூடியைத் திறந்து அவர் விரலையே பிடித்து வைத்தேன். குளிர்ந்த விரலை ஏற்கவில்லை.

13:48
துண்டு 12: ‘எழுப்புதல் நிறைவு. மின்சாரம் துண்டிக்கப்படுகிறது.’ பெட்டி அணைந்துவிட்டது. இதயம் இன்னும் துடிக்கவேயில்லை. அவரைத் தரையில் இழுத்துப் போட்டு மார்பை அழுத்துகிறேன். இனிப் பதிவு குரல் வழியாக.

13:52
தணிகைவேல்: “அக்கா, அவசரத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். துண்டுக்கு பேரு வெக்கறப்ப ஒண்ணு, ரெண்டுக்கெல்லாம் முன்னாடி சைபர் போடல. வரிசை மாறிடும். நீங்களே கையால அடுக்கிட்டு ஒட்டுங்க. கேட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, பயமா இருக்கு.”
நான் தொடங்குவதற்கு இரண்டு நிமிடம் முன்பே பூமியிலிருந்து புறப்பட்ட செய்தி.

14:35
“அக்கா, கிடைச்சுதா?”
மறுபடி கேட்கிறான். பதில் பொத்தான் எதிர்ச்சுவரில். அழுத்த வேண்டுமென்றால் ராயப்பனின் மார்பிலிருந்து கையை எடுக்க வேண்டும். தோள் மரத்துவிட்டது. அழுகை அழுகையாக வருகிறது. கையை இன்னும் எடுக்கவில்லை.